விண்ணோடம் விழுந்த கவுண்டிக்கு வறட்சிப் பணம்

2003 பிப்ரவரி 1 காலை, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேருடன் திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்ணோடம் டெக்சாஸ் வானில் சிதறியது. உடைந்த துண்டுகள் கிழக்கு டெக்சாஸின் காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் விழுந்தன. அங்கிருந்த கவுண்டிகளை, அதாவது நம் மாவட்டம் மாதிரியான பிரிவுகளை, பேரிடர் பகுதி என்று அரசு அறிவித்தது. இது வரைக்கும் நமக்குத் தெரிந்த கதை. அப்புறம் நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. அந்த அறிவிப்பின் பேரில், அங்கே மாடு வைத்திருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு மத்திய அரசின் வறட்சி உதவி போய்ச் சேர்ந்தது. மொத்தம் சுமார் 50 லட்சம் டாலர்.

விண்ணோடத்துக்கும் வறட்சிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. 2002-இல் கடும் வறட்சி. தீவனம் வாங்க முடியாமல் தவித்த மாட்டுக்காரர்களுக்காகத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வறட்சி பாதித்த கவுண்டிகளுக்கு மட்டும் என்றுதான் முதலில் இருந்தது. விடுபட்ட ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அழுத்தம் போனது. 2003-இல் நாடாளுமன்றம் விதியைத் தளர்த்தியது. வறட்சிதான் வேண்டும் என்பதில்லை, ஏதோ ஒரு பேரிடர் அறிவிப்பு அந்தக் கவுண்டிக்கு இருந்தால் போதும் என்றாகிவிட்டது. நஷ்டத்தைக் காட்ட வேண்டியதில்லை, மாடு இருந்ததைக் காட்டினால் போதும். வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கவுண்டி, தன் மாடுகளுக்கு எந்தச் சேதமும் செய்யாத நிலநடுக்கத்தின் பேரில் 16 லட்சம் டாலர் வாங்கியது. வடக்கு டெக்சாஸில் ஒரு கவுண்டிக்கு, திட்டம் பிறப்பதற்கு ஒன்றரை வருடம் முன்னால் வந்துபோன பனிப்புயலுக்காகக் கிட்டத்தட்ட 10 லட்சம். 2006-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இந்தக் கணக்கைத் தோண்டி எடுத்தது. இரண்டு வருடத்தில் செலவான 120 கோடி டாலரில் 63.5 கோடி, வறட்சி மிதமாக இருந்த அல்லது அறவே இல்லாத இடங்களுக்குப் போயிருந்தது.

இதைப் படித்துவிட்டு விவசாயிகள் ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். அவர்கள் விதிப்படிதான் வாங்கினார்கள். கோளாறு விதியில் இருந்தது. அமெரிக்காவில் பண்ணைகளுக்குப் பேரிடர் உதவி எப்படிப் போகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. அந்த உதவி, விவசாயி பட்ட கஷ்டத்தைத் தொட்டுப் பார்த்துத் தரப்படுவதில்லை. கஷ்டத்துக்குப் பதிலாக நிற்கும் ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் தரப்படுகிறது. கவுண்டியின் எல்லைக்கோடு, வரைபடத்தின் நிறம், கையில் இருக்கும் தாள், இப்படி ஏதாவது ஒன்று.

கவுண்டி நம் மாவட்டம் மாதிரி என்றேன், ஆனால் எண்ணிக்கை மிரட்டும். நாடு முழுக்க 3,000-க்கும் மேல், டெக்சாஸில் மட்டும் 254. சிலவற்றில் ஆயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். பரப்பில் சில ராட்சதம். டெக்சாஸின் ப்ரூஸ்டர் கவுண்டி சுமார் 16,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்தையும்விட இரண்டு மடங்குக்கு மேல். வேளாண்மைத் துறையின் பண்ணைச் சேவை முகமைக்கு (சுருக்கமாக எஃப்.எஸ்.ஏ.) 2,000-க்கும் அதிகமான கவுண்டி அலுவலகங்கள் உண்டு. எஃப்.எஸ்.ஏ. ஆபீஸ் என்றால் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். நம்மூர்க்காரர் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போகிற மாதிரி அவர்கள் அங்கே போகிறார்கள். ஒரு வித்தியாசம், அந்த அலுவலகத்துக்கு மேல் ஒரு கவுண்டி கமிட்டி இருக்கிறது. அந்த ஊர் விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி. யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்பதில் அதற்குச் சொல் உண்டு. 1930-களின் பெருமந்தக் காலத்தில் வந்த ஏற்பாடு இது.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "எங்கள் கவுண்டியைப் பேரிடர் பகுதியாக வேளாண் செயலாளர் அறிவித்துவிட்டார்" என்று செய்தி வந்தால், பணம் கொட்டப்போகிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்த அறிவிப்பு திறந்துவிடுவது முக்கியமாக அவசரக் கடனைத்தான். அதிகபட்சம் 5 லட்சம் டாலர், குறைந்த வட்டி, ஆனால் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். ஒரு பயிராவது கவுண்டி அளவில் 30% விளைச்சல் இழந்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்த அளவுகோல். அறிவிக்கப்பட்ட கவுண்டியை ஒட்டியிருக்கும் கவுண்டிகளுக்கும் அந்தத் தகுதி கிடைக்கும். ஏற்கெனவே கடனில் இருப்பவருக்கு இன்னொரு கடன் என்ன ஆறுதல் என்று அங்கேயும் கேட்கிறார்கள்.

திருப்பிக் கட்ட வேண்டாத பணம் வேறு வழியில் வருகிறது. அதில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது மேய்ச்சல் இழப்புத் திட்டம். அதன் சாவி ஒரு வரைபடத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு வியாழக்கிழமை காலையும் அமெரிக்க வறட்சிக் கண்காணிப்பு வரைபடம் வெளியாகும். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் உள்ள பல்கலைக்கழக மையமும், வேளாண் துறையும், வானிலை ஆய்வு அமைப்பான நோவாவும் சேர்ந்து 1999 முதல் இதைத் தயாரிக்கின்றன. மஞ்சள் என்றால் வழக்கத்தைவிடச் சற்று காய்ந்திருக்கிறது. பிறகு வெளிர்பழுப்பு, ஆரஞ்சு, சிவப்பு. கடைசியில் அடர்சிவப்பு, அதுதான் மிகக் கடுமையான வறட்சி. மழையளவு, மண் ஈரம், ஆற்று நீர், செயற்கைக்கோள் படம் எல்லாவற்றையும் பார்த்து, களத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் தகவலையும் கேட்டு, அந்த வாரம் முறை வரும் நிபுணர் கோடுகளை வரைகிறார். கணினி துப்பிவிடும் படம் இல்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து, இந்த ஆரஞ்சு இங்கே வரைக்கும் போகட்டும் என்று முடிவெடுக்கிறார்.

அந்தக் கோட்டின் மேல்தான் பணம் நிற்கிறது. 2014 வேளாண் சட்டத்தின்படி, மேய்ச்சல் பருவத்தில் ஒரு கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி தொடர்ந்து எட்டு வாரம் ஆரஞ்சில் இருந்தால் ஒரு மாதத் தவணை. ஒரு வாரம் சிவப்பு தொட்டாலே மூன்று. நாலு வாரம் சிவப்பு, அல்லது ஒரு வாரம் அடர்சிவப்பு என்றால் நான்கு. நாலு வாரம் அடர்சிவப்பு என்றால் ஐந்து. தவணை என்பது அந்த மாதத் தீவனச் செலவு என்று அரசு கணக்கிட்ட தொகையில் 60%. "ஏதாவது ஒரு பகுதி" என்பதைக் கவனியுங்கள். ப்ரூஸ்டர் மாதிரி ஒரு கவுண்டியின் தென்மூலையில் சிவப்பு விழுந்தால் வடக்கே நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கும் தகுதி வந்துவிடும். அவர் நிலத்தில் நேற்று மழை பெய்திருந்தாலும் சரி. பக்கத்துக் கவுண்டிக்காரருக்கு, வேலிக்கு அவர் பக்கம் புல் கருகிக் கிடந்தாலும், கோடு அவர் எல்லைக்குள் நுழையாவிட்டால் ஒன்றும் இல்லை. 2025 ஜூலையில் வந்த சட்டம் எட்டு வாரத்தை நாலு வாரமாகக் குறைத்தது. கோட்டை மாற்றவில்லை, கோட்டுக்காகக் காத்திருக்கும் நாட்களைக் குறைத்தது.

இப்படி அபத்தமாக ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். அபத்தம் என்று நான் முழுசாகச் சொல்ல மாட்டேன். மேய்ச்சல் நிலத்துக்கு அறுவடை கிடையாது, மூட்டைக் கணக்கும் கிடையாது. ஒவ்வொரு பண்ணையாகப் போய்ப் புல்லை அளக்க ஆள் அனுப்பினால் உதவி வந்து சேர்வதற்குள் மாடு செத்துவிடும். அப்படி அனுப்பினால் அளக்கப் போகிறவர் கைக்கு என்ன போகும் என்பது வேறு கதை. வரைபடத்துக்கு லஞ்சம் கொடுக்க முடியாது. ஆள் பார்த்துச் செய்வதற்கும் இடமில்லை. வேகமும் ஒழுங்கும் கிடைக்கின்றன, துல்லியம் போய்விடுகிறது. தெரிந்தே செய்துகொண்ட பேரம் இது.

வறட்சி மெதுவாக வரும், வரைபடத்துக்கு அடங்கும். தீ அப்படி இல்லை.

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சாஸின் வடக்கு மூலையில், ஹட்சின்சன் கவுண்டியின் ஸ்டின்னட் ஊருக்கு அருகே ஒரு தீ பிடித்தது. உளுத்துப்போன மின்கம்பம் ஒன்று காற்றில் முறிந்ததுதான் காரணம் என்று பின்னால் மாநிலச் சட்டமன்றத்தின் விசாரணைக் குழு சொன்னது. ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ என்று பெயர். ராபர்ட்ஸ், ஹெம்ப்ஹில் கவுண்டிகள் வழியாக ஒக்லஹோமா வரை ஓடியது. எரிந்தது 10 லட்சம் ஏக்கருக்கும் மேல். டெக்சாஸ் வரலாற்றில் இதைவிடப் பெரிய காட்டுத்தீ பதிவாகவில்லை. இரண்டு பேர் இறந்தார்கள், மாடுகள் ஆயிரக்கணக்கில். அந்த மாநிலத்தின் மாடுகளில் பெரும்பகுதி இருக்கும் வட்டாரம் அது. ஹெம்ப்ஹில் கவுண்டியின் மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். மனிதரைவிட மாடு பல மடங்கு அதிகம்.

இப்போது அங்கே மாடு மேய்க்கும் ஒருவரின் இடத்தில் நின்று பாருங்கள். தீ ஒன்றுதான். அலுவலகத்தில் அது மூன்றாகப் பிரிகிறது.

செத்த மாட்டுக்கு ஒரு திட்டம். சராசரிச் சந்தை விலையில் 75% தருவார்கள். உங்கள் மாடு என்ன ஜாதி, எத்தனை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வம்சம் என்பதெல்லாம் கணக்கில் வராது. எடைப் பிரிவுக்கு ஒரு விலை, நாடு முழுக்க ஒரே விலை. எந்த மந்தையிலும் வருடத்தில் சில மாடு தானாகவே சாகும் அல்லவா, அந்த எண்ணிக்கையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பணம். எரிந்த புல்லுக்கும் உலர்புல் கட்டுகளுக்கும் வேறு திட்டம். முன்னே சொன்ன மேய்ச்சல் திட்டம் இங்கே உதவாது. தீயைப் பொறுத்தவரை அது மத்திய அரசின் நிலத்தில் மேய்ப்பவர்களுக்கு மட்டும், டெக்சாஸிலோ நிலம் பெரும்பாலும் தனியாருடையது. ஆகவே இன்னொரு படிவம், மேய்ச்சல் இழந்த நாட்களை எண்ணி, 180 நாள் வரைக்கும். வேலிக்கு மூன்றாவது திட்டம். கம்பமும் முள்கம்பியும் எரிந்து தொங்கினால் திரும்பப் போடும் செலவில் 75% வரை அரசின் பங்கு. ஆனால் இது முந்தி வேலையை முடித்துவிட்டு அப்புறம் ரசீது காட்டும் விவகாரம். கையில் காசில்லாதவன் வேலி எப்படிப் போடுவான்? 2018 வேளாண் சட்டத்தில்தான் வேலிக்கு ஒரு பங்கை முன்பணமாகத் தரலாம் என்று சேர்த்தார்கள்.

செத்த மாட்டுக்குச் சாட்சி என்ன? சடலத்தைக் குழி தோண்டிப் புதைப்பதற்கு முன்னால் போட்டோ எடுங்கள், தேதியோடு எடுங்கள் என்று வேளாண் விரிவாக்க அலுவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். கால்நடை மருத்துவரின் சான்று, சடலம் எடுத்துப்போன வண்டியின் ரசீது, மாட்டை ஈடாகக் காட்டி வாங்கிய வங்கிக் கடனின் தாள், மாடு வாங்கிய பில், இவற்றில் எது இருந்தாலும் உதவும். ஆறு தலைமுறையாக ஒரே இடத்தில் இருப்பவரிடம் தீக்கு முந்தைய நாள் எத்தனை மாடு இருந்தன என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லாமல் போகலாம். எழுதியது இருந்த வீடே எரிந்தும் போயிருக்கலாம். சில மாடுகள் தீயில் சாகாமல், மடி கருகி, குளம்பு கழன்று நிற்கும். அவற்றைச் சில நாள் கழித்துச் சுட வேண்டிவரும், அல்லது அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டிவரும். அந்த நஷ்டத்துக்கும் திட்டத்தில் இடம் உண்டு. ஆனால் தீ எப்போது முடிந்தது, மாடு எப்போது செத்தது என்று நாள் எண்ணுவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு அடுக்குத் தாள் இருக்கிறது. நிலத்துக்கு எஃப்.எஸ்.ஏ. பண்ணை எண் வேண்டும். எந்த ஏக்கரில் என்ன என்று வருடா வருடம் தரும் அறிக்கை வேண்டும், நம் அடங்கல் மாதிரி. பண்ணை யார் பெயரில் எப்படி நடக்கிறது என்பதற்கு சி.சி.சி.-902. வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல் இல்லை என்பதற்கு சி.சி.சி.-941. மண் அரிப்பு, சதுப்புநில விதிகளை மீறவில்லை என்பதற்கு ஏ.டி.-1026. ஏற்கெனவே வேறு மானியம் வாங்கிக்கொண்டிருக்கும் பெரிய பண்ணைக்கு இதெல்லாம் கோப்பில் தயாராக இருக்கும். பேரிடர் வந்த மறுவாரம் ஒரு கையெழுத்து போதும். முதல் தடவையாக அந்த அலுவலகப் படி ஏறுபவருக்கு ஒவ்வொன்றும் ஒரு நடை.

தெற்கு மாநிலங்களின் கறுப்பின விவசாயிகளுக்கு இது வெறும் நடையாக இருந்ததில்லை. உயில் இல்லாமல் இறந்த தாத்தாவின் நிலத்தைப் பங்காளிகள் எல்லாரும் பொதுவில் வைத்திருப்பார்கள், தெளிவான பட்டா இருக்காது. பட்டா இல்லையென்றால் பண்ணை எண் இல்லை, எண் இல்லையென்றால் உதவி இல்லை. 2018-இல்தான் இப்படிப்பட்ட நிலத்துக்கு வேறு ஆவணங்களை ஏற்கச் சட்டம் வழி செய்தது. அதற்கும் முன்னால் கவுண்டி கமிட்டியின் கதை இருக்கிறது. ஊர்க்காரர்களே தேர்ந்தெடுப்பது கேட்க அழகாக இருக்கும், ஆனால் ஊரில் யார் கை ஓங்கியிருந்ததோ அவர்கள் கைதான் கமிட்டியிலும். கறுப்பின விவசாயிகளின் கடன் மனுக்கள் தாமதமாயின, தட்டிக்கழிக்கப்பட்டன. 1997-இல் அவர்கள் தொடுத்த பிக்ஃபர்ட் வழக்கு 1999-இல் சமரசத்தில் முடிந்தது, இழப்பீடு 100 கோடி டாலரைத் தாண்டியது. பாகுபாட்டுக்கு ஆளான விவசாயிகளுக்கென்று 2024-இல் மறுபடியும் சுமார் 200 கோடி டாலர் பகிர்ந்தார்கள். வரைபடத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்று மேலே சொன்னேன். வரைபடம் வருவதற்கு முன்பு ஆள் பார்த்த காலத்தை நினைத்துத்தான் சொன்னேன்.

பணம் எப்போது வரும் என்பது தனிப் புராணம். நிரந்தரத் திட்டங்கள் போதாமல் போகும்போதெல்லாம் நாடாளுமன்றம் தனியாக ஒரு தொகை ஒதுக்கும். அது அரசியலின் வேகத்தில் நகரும். முதல் முறை 2008 சட்டத்தில் வந்த மேய்ச்சல் திட்டம் 2011 செப்டம்பர் 30-உடன் காலாவதியானது. அக்டோபர் 4-ஆம் தேதி நிலவரப்படி வந்த வறட்சி வரைபடத்தில் டெக்சாஸின் 88% அடர்சிவப்பு. அந்த வருடம் அந்த மாநில விவசாயத்தின் நஷ்டம் 760 கோடி டாலருக்கும் மேல் என்று டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் பிரிவு மதிப்பிட்டது. மாநிலம் முழுக்க மாடுகள் லாரி லாரியாகச் சந்தைக்குப் போயின. திட்டத்துக்கு மறுபடி உயிர் வந்தது 2014 பிப்ரவரியில். 2011 அக்டோபர் 1 வரை பின்னோக்கிச் சென்று பணம் கொடுத்தார்கள், நல்லதுதான். அதற்குள் நாட்டின் மாடுகளின் எண்ணிக்கை 1951-க்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கிவிட்டது. தாய்ப்பசுவை விற்றவனுக்கு மூன்று வருடம் கழித்து வரும் காசோலை எந்தத் தீவனத்தை வாங்கும்?

பயிர்களுக்கும் அதே கதை. 2023, 2024 இழப்புகளுக்காக 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் 2,000 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. பயிர் இழப்புக்கான முதல் கட்ட விண்ணப்பம் 2025 ஜூலையில்தான் தொடங்கியது. கணக்குப் போட்டு வந்த தொகையில் முதலில் 35% மட்டும் கையில் கொடுத்தார்கள், கேட்பவர்கள் எத்தனை பேர் என்று தெரியாதே. இப்படித் தனி ஒதுக்கீட்டில் பணம் வாங்கியவர் அடுத்த இரண்டு வருடம் பயிர்க் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாகக் கூடவே வரும். காப்பீடு எடுக்காமல் இருந்தவனுக்கும் அரசு கடைசியில் கொடுத்துவிடும் என்றால் எவன் பிரீமியம் கட்டுவான் என்ற கவலை அவர்களுக்கு. காப்பீட்டிலும் மேய்ச்சல் நிலத்துக்குப் புல்லைப் பார்ப்பதில்லை. நிலத்தைச் சுமார் 17 மைல் கட்டங்களாகப் பிரித்து, அந்தக் கட்டத்தின் மழைக் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு பெரிய அழிவுக்குப் பிறகும் விதியில் ஒரு ஓட்டை கண்ணில் படும், அதை அடைப்பார்கள். 2017 மார்ச்சில் கான்சாஸின் கிளார்க் கவுண்டியில் தீ வந்து மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தபோது, ஒருவருக்கு வருடத்துக்கு 1,25,000 டாலருக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு இடித்தது. சில நூறு மாட்டை ஒரே இரவில் இழந்தவருக்கு அது எந்த மூலைக்கு? 2018 பிப்ரவரியில் செத்த மாட்டுக்கான வரம்பை எடுத்துவிட்டார்கள், 2017-க்கும் சேர்த்து.

ஹெம்ப்ஹில்லை எரித்த ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீயில் தெரிந்த ஓட்டை வேறு. பிப்ரவரிக் கடைசி அங்கே கன்று போடும் பருவம். செத்த பசுக்களில் நிறைய சினை. பசுவுக்குப் பணம் வந்தது, வயிற்றில் இருந்ததற்கு விதியில் பெயரே இல்லை. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் பிறக்காத கன்றையும் கணக்கில் சேர்த்தது. 2024 ஜனவரி 1 முதல் செத்தவற்றுக்கு அது பொருந்தும், ஆகவே இந்தத் தீயும் உள்ளே வருகிறது. தொகைக்கு மட்டும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். மிகக் குறைந்த எடைப் பிரிவுக் கன்றுக்கு என்ன தருவார்களோ, அதில் 85%-ஐத் தாண்டக் கூடாது.